முதல் வேலை எங்கே: செட்டா, எடிட்டிங் அறையா, சேனலா, திரைப்படப் பள்ளியா?

திரைப்படத்திலோ தொலைக்காட்சியிலோ வேலை தேடும் இளைஞர்களின் கேள்வி பெரும்பாலும் "உள்ளே நுழைவது எப்படி?" என்றுதான் தொடங்குகிறது. சற்றே விசாரித்தால், அவர்களில் பலருக்கு ஏற்கெனவே இரண்டு மூன்று வழிகள் கண்ணில் பட்டிருப்பதும், அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற தயக்கமே அவர்களை நிறுத்தி வைத்திருப்பதும் தெரியவருகிறது. தெரிந்தவர் ஒருவர் ஒரு படத்தில் புரொடக்‌ஷன் அசிஸ்டன்டாகச் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருப்பார். எடிட்டிங் ஸ்டூடியோ ஒன்றில் இரவுப் பணிக்கு ஆள் தேவைப்படும். சேனல் ஒன்றில் மாதச் சம்பளத்தில் ஓர் இடம் காலியாக இருக்கும். வீட்டிலோ, முறையாகப் படித்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்பார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் முதல் வேலையைவிட மூன்றாவது வேலைதான் முக்கியமானது. முதல் வேலை அறிமுகத்தாலோ தற்செயலாகவோ அமைந்துவிடலாம். இரண்டாவதும் மூன்றாவதும், நீங்கள் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்த ஒருவர் அடுத்த படத்துக்கு ஆள் சேர்க்கும்போது உங்கள் பெயரை நினைவுகூர்வதால்தான் வரும். ஒரு படம் முடிந்தால் யூனிட் கலைந்துவிடுகிறது. அடுத்த படத்துக்குத் துறைத் தலைவர்கள் தங்களுக்குப் பழக்கமானவர்களையே முதலில் அழைக்கிறார்கள். வேலைக்கான விளம்பரம் வெளிவருவதற்குள் பல இடங்கள் நிரம்பிவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு வழியையும் "இது என்னை உள்ளே சேர்க்குமா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இங்கே என் வேலையை யார் பார்ப்பார்கள்?" என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

## அளவுகோல்கள்

பணம் வரும்வரை தாக்குப்பிடித்தல். இது கனவுகளைப் பற்றிப் பேசும்போது கடைசியில் வரும் விஷயம்; முடிவெடுக்கும்போது முதலில் வர வேண்டியது. பெரும்பாலான செட் வேலைகள் நாட்கூலி அல்லது ஒப்பந்த அடிப்படையில் அமைந்தவை. வேலை இருக்கும்போது தொடர்ந்து இருக்கும். இல்லாதபோது மாதக்கணக்கில் இல்லாமல் போகும். 2023-இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் வேலைநிறுத்தம் 148 நாட்களும், நடிகர் சங்கத்தின் வேலைநிறுத்தம் 118 நாட்களும் நீடித்தன. அந்தச் சங்கங்களில் இல்லாத லைட்மேன்கள், ஓட்டுநர்கள், எடிட்டிங் உதவியாளர்கள், ரன்னர்கள் (செட்டில் ஓடியாடிச் சிறு வேலைகளைச் செய்யும் கடைநிலை உதவியாளர்கள்) என ஏராளமானோர் தங்களுக்குத் தொடர்பில்லாத ஒரு பேச்சுவார்த்தை முடியும்வரை வருமானமின்றிக் காத்திருந்தார்கள். இப்படியொரு இடைவெளியைச் சமாளிக்கும் சேமிப்போ குடும்ப ஆதரவோ இல்லாதவருக்கு உகந்த வழியும், இருப்பவருக்கு உகந்த வழியும் ஒன்றாக இருக்க முடியாது.

வேலையைப் பார்ப்பவர். நாளடைவில் நீங்கள் எந்தப் பொறுப்புக்கு வர விரும்புகிறீர்களோ, அந்தப் பொறுப்பில் இருப்பவரின் கண்ணெதிரே வேலை செய்கிறீர்களா என்பதே இந்த அளவுகோல். ஒளிப்பதிவாளராக விரும்புபவர் தயாரிப்பு அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகள் திறமையாக உழைத்தால், தயாரிப்பு நிர்வாகத்தில் அவருக்கு நல்ல பெயர் கிடைக்கும். கேமரா துறையில் அவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

கையில் மிஞ்சுவது. அந்த வேலை நாளையே நின்றுபோனால் உங்களிடம் எஞ்சுவது என்ன? வேறு இடத்தில் சம்பளம் பெற்றுத்தரும் திறமையா, டைட்டிலில் ஒரு பெயரா, அடுத்த வேலைக்கு அழைக்கக்கூடிய நான்கு பேரின் அறிமுகமா, வெறும் களைப்பா?

மாறும் சிரமம். மற்றத் துறைகளுக்கு மாறுவது எவ்வளவு எளிது என்பதும் கணக்கில் வர வேண்டும். பதவி உயர்வு கிடைத்து வருமானம் கூடியபின் வேறு துறைக்குப் போனால் மீண்டும் கடைநிலையிலிருந்து தொடங்க நேரும். அதனால் மாறுவதற்கு ஏற்றவை முதல் இரண்டு ஆண்டுகளே.

உடலும் பாதுகாப்பும். பன்னிரண்டு மணி நேர வேலைநாள் இங்கே இயல்பானது; அதற்கு மேலும் நீள்வது அரிதல்ல. 1997-இல் அமெரிக்காவில் 19 மணி நேர வேலைக்குப் பின் வீட்டுக்குக் காரோட்டிச் சென்ற ஓர் உதவி ஒளிப்பதிவாளர், தூக்கத்தில் விபத்துக்குள்ளாகி இறந்தார். ஒளிப்பதிவாளர் ஹாஸ்கல் வெக்ஸ்லர் இந்த வேலைநேரக் கொடுமையைப் பற்றிப் பின்னர் ஓர் ஆவணப்படமே எடுத்தார். பெண்களுக்கு இந்த அளவுகோல் இன்னும் விரிவானது. மலையாளத் திரைத்துறையை ஆராய 2017-இல் அமைக்கப்பட்டு, 2024 ஆகஸ்ட்டில் அறிக்கை வெளியான நீதிபதி ஹேமா குழு, பாலியல் அத்துமீறல்களோடு, படப்பிடிப்பு இடங்களில் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும்கூட இல்லாத நிலையையும் பதிவு செய்திருக்கிறது. வேலையை ஏற்கும்முன் இவற்றைக் கேட்டறிவதைச் சங்கடமாக யாரும் கருத வேண்டியதில்லை.

| வழி | பணம் | வேலையைப் பார்ப்பவர் | கையில் மிஞ்சுவது | மாறும் சிரமம் | மறைவான செலவு |
|---|---|---|---|---|---|
| ரன்னர், புரொடக்‌ஷன் அசிஸ்டன்ட் | விரைவில், ஆனால் விட்டுவிட்டு | புரொடக்‌ஷன் மேனேஜர், உதவி இயக்குநர்கள் | பரந்த அறிமுகம் | குறைவு | போக்குவரத்து, தூக்கம் |
| துறை உதவியாளர் | தாமதமாக, தொடக்கத்தில் குறைவாக | துறைத் தலைவர் நேரடியாக | ஆழ்ந்த கைத்திறன் | அதிகம் | ஒருவரையே நம்பியிருத்தல் |
| போஸ்ட் புரொடக்‌ஷன் | ஓரளவு சீராக | எடிட்டர் அல்லது சூப்பர்வைசர் | மென்பொருள் திறமை | நடுத்தரம் | இரவுப் பணி, தனிமை |
| தொலைக்காட்சி நிலையம் | மாதச் சம்பளம் | புரொடியூசர் | வேகம், ஒழுங்கு | காலம் செல்லச் செல்லக் கூடும் | ஷிப்ட், தேக்கம் |
| திரைப்படப் பள்ளி | செலவு மட்டும் | ஆசிரியர், சக மாணவர் | சொந்தப் படங்கள், நட்பு வட்டம் | குறைவு | கடன், ஆண்டுகள் |
| வாடகை நிறுவனம் | மாதச் சம்பளம் | வந்துபோகும் கேமரா குழுக்கள் | கருவி அறிவு | குறைவு | செட்டுக்கு வெளியே இருத்தல் |

## படப்பிடிப்புத் தளம்: ரன்னர், புரொடக்‌ஷன் அசிஸ்டன்ட்

இந்த வேலைக்குத் தனித்திறமை தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. டீ கொண்டுவருவது, நடிகரை மேக்கப் அறையிலிருந்து அழைத்து வருவது, ஷாட் ஓடும்போது ஆட்கள் குறுக்கே வராமல் வழியை மறித்து நிற்பது, மறுநாளின் கால்ஷீட்டை (யார் எப்போது எங்கே வர வேண்டும் என்ற அட்டவணைத் தாளை) உரியவர்களிடம் சேர்ப்பது ஆகியவை வெளியிலிருந்து பார்க்க எடுபிடி வேலைகளாகத்தான் தெரியும். ஆனால் ஒரு செட்டில் ஐந்து நிமிடத் தாமதம் என்பது அங்கே நிற்கும் அத்தனை பேருடைய ஐந்து நிமிடக் கூலி. சொன்னதைத் திரும்பக் கேட்காமல் புரிந்துகொள்பவர், முடியாததை உடனே "முடியவில்லை" என்று சொல்பவர், வாக்கி டாக்கியில் சுருக்கமாகப் பேசுபவர் ஆகியோர் மூன்றே நாளில் கவனத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்த வழியின் பெரிய பலன், எல்லாத் துறைகளும் எப்படி ஒன்றோடொன்று உரசி நகர்கின்றன என்பதை ஒரே படத்தில் பார்த்துவிடலாம் என்பது. எந்தத் துறை தனக்கானது என்று தெரியாதவருக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. இயக்குநர் டேவிட் லீன் 1927-இல் கோமான் ஸ்டூடியோவில் டீ கொடுக்கும் பையனாகச் சேர்ந்தார், கிளாப் அடித்தார், 1930 வாக்கில் செய்திப்படங்களை எடிட் செய்துகொண்டிருந்தார், 1942-இல்தான் இன்னொருவரோடு சேர்ந்து இயக்கித் தன் முதல் படத்தை முடித்தார். முதல் டீக்கும் முதல் படத்துக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் கழிந்தன என்பதை மட்டுமல்லாமல், அவர் சில ஆண்டுகளிலேயே ரன்னர் நிலையை விட்டுத் தன் துறையைக் கண்டுகொண்டார் என்பதையும் கவனிக்க வேண்டும். நல்ல ரன்னராக இருப்பவரை ரன்னராகவே வைத்துக்கொள்ள எல்லோரும் விரும்புவார்கள். வெளியே வர வேண்டும் என்ற விருப்பத்தை நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

பெரிய படமா சிறிய படமா என்ற கேள்வியும் இங்கேதான் எழுகிறது. பெரிய படத்தில் ஒழுங்கான கால்ஷீட், சரியான சாப்பாடு, நேரத்துக்குச் சம்பளம், சொல்லிக்கொள்ள ஒரு பெயர் எல்லாம் கிடைக்கும். ஆனால் முழுப் படமும் வண்டிகள் நிறுத்துமிடத்திலேயே கழிந்துவிடலாம். சிறிய படத்தில் ஆள் பற்றாக்குறையே உங்கள் வாய்ப்பு. குறைந்த செலவில் படங்களைத் தயாரித்த ராஜர் கார்மனின் நிறுவனத்தில் மாதிரிப் பொம்மைகள் செய்யும் வேலையில் சேர்ந்த ஜேம்ஸ் கேமரூன், வெகு விரைவில் அங்கே ஒரு படத்தின் கலை இயக்குநராக ஆக்கப்பட்டார். பெரிய ஸ்டூடியோ எதுவும் அவ்வளவு அனுபவமற்றவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்காது. முதல் படம் பெரியதாகவும் இரண்டாவது சிறியதாகவும் அமைந்தால் நல்லது என்பேன்: ஒழுங்கு எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் பார்த்துவிட்டால், அது இல்லாத இடத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

மறைவான செலவுகளில் முதன்மையானது போக்குவரத்து. விடியற்காலை வேலைக்குப் பொதுப் போக்குவரத்து இருக்காது; சொந்த வண்டி இல்லாதவர் கூலியில் ஒரு பகுதியை அதற்கே இழப்பார். எரிபொருள், கைப்பேசிக் கட்டணம் ஆகியவற்றைத் தயாரிப்பு நிறுவனம் தருமா என்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும். கால்ஷீட்டுகளையும் சம்பளச் சீட்டுகளையும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துவதும் அவசியம். அமெரிக்க இயக்குநர் சங்கம் போன்றவற்றில் உறுப்பினராக, வேலை செய்த நாட்களை ஆவணத்தோடு காட்ட வேண்டியிருக்கும். எறிந்துவிட்ட தாளைப் பின்னர் யாரும் மீட்டுத்தர மாட்டார்கள்.

## ஒரு துறையில் நேரடி உதவியாளர்

கேமரா, ஒலி, கலை, உடை, இயக்கம் ஆகிய துறைகளில் ஒருவரின் கீழ் நேரடியாகச் சேர்வது இந்த வழி. எது வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு இரண்டாவது அளவுகோலின்படி இதற்கு இணையில்லை. கேமரா டிரெய்னி நாள் முழுவதும் ஒளிப்பதிவாளரின் பார்வையில் இருக்கிறார். லென்ஸ் மாற்றும்போது எந்தப் பெட்டியை முன்னதாகவே திறந்து வைத்தார் என்பதுகூட அங்கே கவனிக்கப்படுகிறது.

இயக்கத் துறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் அதிகமானோர் திசை தவறுகிறார்கள். உதவி இயக்குநர் என்ற பொறுப்பு எல்லா இடங்களிலும் ஒன்றல்ல. இந்தியத் திரைத்துறைகளில் அது இயக்குநராவதற்கான மரபான பாதை: கதை விவாதத்திலிருந்து டப்பிங் வரை உதவியாளர் இயக்குநருடனேயே இருப்பார். ஹாலிவுட்டிலோ முதல் உதவி இயக்குநரின் வேலை அட்டவணை, பாதுகாப்பு, செட்டின் ஒழுங்கு ஆகியவற்றை நடத்துவது. அங்கிருந்து தயாரிப்பு நிர்வாகத்துக்குப் போவோரே மிகுதி. 1965-இல் அமெரிக்க இயக்குநர் சங்கமும் தயாரிப்பாளர்களும் சேர்ந்து தொடங்கிய உதவி இயக்குநர் பயிற்சித் திட்டம்கூட இந்த நிர்வாகத் திறமையை வளர்ப்பதற்கானதுதான். எனவே சேரப்போகும் யூனிட் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று அறியாமல், பதவியின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இந்த வழியின் மறைவான செலவு, ஒரே ஒருவரை நம்பியிருப்பது. உங்கள் துறைத் தலைவருக்கு அடுத்த படம் அமையாவிட்டால் உங்களுக்கும் அமையாது. இயக்குநர் ஒருவரின் கதை தயாரிப்பாளரைத் தேடி அலையும் காலத்தில், அவரோடு சேர்ந்து சம்பளமின்றி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். விசுவாசத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் காத்திருக்கும் காலத்தில் விளம்பரப் படங்களிலோ வேறு யூனிட்டிலோ வேலை செய்யத் தடை இல்லை என்பதை உங்கள் மேலாளரிடம் வெளிப்படையாகப் பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. நல்ல தலைவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. தவறாக எடுத்துக்கொள்பவரிடம் எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதை நீங்களே யோசிக்க வேண்டியிருக்கும்.

## போஸ்ட் புரொடக்‌ஷன்: எடிட்டிங், ஒலி, விஎஃப்எக்ஸ்

செட்டின் சத்தமும் வெயிலும் ஒத்துவராதவர்களுக்கும், கணினியில் கை பழகியவர்களுக்கும் இந்த வழி இயல்பாக அமைகிறது. நேரம் ஓரளவு கணிக்கத்தக்கது, இடம் மாறாது, சம்பளம் பெரும்பாலும் மாதக் கணக்கில் வரும். எல்லாவற்றையும்விட, இங்கே கற்கும் திறமையை வீட்டிலிருந்தே தொடங்கலாம். டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே படத்தொகுப்பையும் வண்ணத்திருத்தத்தையும் அடிப்படையிலிருந்து கற்கப் போதுமானது. பெரிய திரைப்படங்களிலும் தொடர்களிலும் அவிட் மீடியா கம்போசர் என்ற எடிட்டிங் மென்பொருள் இன்றும் வலுவாக இருக்கிறது என்பதால், அதைத் தெரிந்தவருக்கு வேலை கிடைப்பது எளிது.

தொடக்கநிலை எடிட்டிங் உதவியாளரின் அன்றாடம் கதை சொல்லும் கலையிலிருந்து சற்றுத் தொலைவானது. கேமராவிலிருந்து வந்த கோப்புகளைக் குறைந்தது மூன்று பிரதிகளாகச் சேமித்துச் சரிபார்ப்பது, படத்தையும் ஒலியையும் ஒத்திசைப்பது, எடை குறைந்த பிரதிகளை உருவாக்குவது, காட்சி வாரியாக அடுக்குவது, தொகுப்பு முடிந்தபின் ஒலிக்கும் வண்ணத்துக்கும் உரிய கோப்புகளைப் பிரித்து அனுப்புவது ஆகியவையே வேலை. இதில் ஒரு பிழை நேர்ந்தால் ஒரு நாள் படப்பிடிப்பே தொலைந்துபோகலாம். ஆகவே நிதானமும் பெயரிடும் ஒழுங்கும் இங்கே கலைத்திறனுக்கு முன்னால் மதிக்கப்படுகின்றன.

முன்பெல்லாம் ஃபிலிமை வெட்டி ஒட்டிய காலத்தில் உதவியாளர் எடிட்டரோடு ஒரே அறையில் இருந்தார். எடிட்டர் ஏன் ஒரு ஷாட்டை இரண்டு ஃபிரேம் முன்னால் வெட்டினார் என்பதைப் பக்கத்தில் நின்றே பார்க்க முடிந்தது. டிஜிட்டல் முறையில் உதவியாளர் வேறு அறையில், பெரும்பாலும் இரவில், சில வேளைகளில் வேறு ஊரிலிருந்தே வேலை செய்கிறார். பார்த்துக் கற்கும் வாய்ப்பு இவ்வாறு சுருங்கிப்போனதை இந்த வழியின் மிகப் பெரிய மறைவான செலவாக நான் கருதுகிறேன். ஆகவே ஒரு ஸ்டூடியோவைத் தேர்ந்தெடுக்கும்போது, எடிட்டரும் உதவியாளரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கிறார்களா, உதவியாளருக்கு ஒரு காட்சியையாவது தொகுத்துக் காட்ட வாய்ப்புண்டா என்று கேளுங்கள். சற்றுக் குறைந்த சம்பளமானாலும் அந்த வாய்ப்புள்ள இடமே சிறந்தது.

விஎஃப்எக்ஸ் எனப்படும் காட்சி விளைவுத் துறையில் ரோட்டோ (உருவங்களை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்தெடுப்பது), பெயிண்ட் (வேண்டாதவற்றைக் காட்சியிலிருந்து அழிப்பது), மேட்ச்மூவ் (கேமராவின் அசைவைக் கணினியில் மறுபடி உருவாக்குவது) ஆகியவைதான் வழக்கமான நுழைவுப் பணிகள். ஆட்களைப் பெருமளவில் எடுக்கும் பிரிவு இது. தானியங்கிக் கருவிகள் வேகமாக ஊடுருவும் பிரிவும் இதுவே. ரோட்டோவில் நுழைந்தவர் ஓரிரு ஆண்டுகளுக்குள் கம்பாசிட்டிங் (தனித்தனிப் படிமங்களை ஒரே காட்சியாக இணைப்பது) போன்ற அடுத்த நிலைக்கு நகரத் திட்டமிட வேண்டும். இந்தத் துறையின் நிறுவனங்கள் குறைந்த லாபத்தில் இயங்குவதையும் வரிச்சலுகை உள்ள நாடுகளுக்கு வேலைகள் நகர்வதையும் மனத்தில் கொள்ள வேண்டும். 2013 பிப்ரவரியில் ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்த அதே மாதத்தில்தான் அதன் காட்சி விளைவுகளுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. உச்சபட்ச வேலைத்தரம்கூட அங்கிருந்தவர்களின் சம்பளத்துக்கு உத்தரவாதமாக இருக்கவில்லை.

## தொலைக்காட்சி நிலையம்

சினிமாவை மட்டுமே கனவு காண்பவர்கள் இந்த வழியை இரண்டாந்தரமாகப் பார்க்கிறார்கள். அது தவறான மதிப்பீடு. செய்திப் பிரிவிலும் தொடர்களிலும் நேரலை நிகழ்ச்சிகளிலும் ஒவ்வொரு நாளும் ஒரு படைப்பு முடிந்தாக வேண்டும். திரைப்பட உதவியாளர் இரண்டு ஆண்டுகளில் இரண்டு படங்களின் முடிவைப் பார்ப்பார் என்றால், தொலைக்காட்சி உதவியாளர் அதற்குள் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகளின் தொடக்கத்தையும் முடிவையும் பார்த்துவிடுவார். நேரலைக் கட்டுப்பாட்டு அறையில் பழகியவர்களுக்கு நெருக்கடியில் நிதானம் தானாக வந்துவிடுகிறது. மாதச் சம்பளம், விடுப்பு, சில இடங்களில் காப்பீடு என்று முதல் அளவுகோலில் இது தெளிவாக முன்னிற்கிறது. ரன்னர், நிகழ்ச்சிக்குத் தகவல் திரட்டும் ஆய்வாளர், உதவிப் புரொடியூசர், புரொடியூசர் என்று படிகளும் ஓரளவு வரையறுக்கப்பட்டிருக்கின்றன.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், சீரான வருமானத்திலேயே. மூன்று ஆண்டுகள் கழித்துப் பெயரும் சம்பளமும் ஓரளவு உயர்ந்தபின், திரைப்பட செட்டில் கடைநிலைக் கூலிக்குப் போக மனமும் வராது, வீட்டுச் சூழலும் இடம் தராது. இறுதியில் திரைப்படம்தான் இலக்கு என்றால், சேரும் நாளிலேயே ஒரு கால எல்லையை வகுத்துக்கொள்வது நல்லது. தொலைக்காட்சியே இலக்கு என்றால் இந்தக் கவலைக்கு இடமேயில்லை. வேறு வழிகளை யோசிப்பதுதான் கால விரயம்.

## திரைப்படப் பள்ளி

மாஸ்கோவில் 1919-இல் தொடங்கிய விஜிக், போலந்தில் 1948-இல் தொடங்கிய வூட்ச், புனேயில் 1960-இல் தொடங்கிய கல்வி நிறுவனம் ஆகியவை பல தலைமுறைக் கலைஞர்களை உருவாக்கியவை. இத்தகைய பள்ளிகள் தருவதில் பாடத்தைவிட மதிப்புள்ளவை இரண்டு: யாருடைய பணமும் மூழ்காமல் தவறு செய்யும் சுதந்திரம், பின்னாளில் இணைந்து பணியாற்றப்போகும் சக மாணவர்கள்.

ஆனால் பட்டம் யாரையும் வேலைக்கு எடுக்க வைப்பதில்லை. பள்ளியை முடித்தவரும் பெரும்பாலும் ரன்னராகவோ டிரெய்னியாகவோதான் தொடங்குகிறார். இங்குள்ள ஆபத்து கல்விக் கடன். கடனோடு வெளியே வருபவரால், குறைந்த கூலியுள்ள ஆனால் சரியான மனிதரின் அருகே இருக்கும் அந்த முதல் வேலையை ஏற்க முடியாமல் போகிறது. எந்தப் பாதைக்காகப் படித்தாரோ அந்தப் பாதையே கடனால் அடைபடுகிறது. அரசு உதவியால் கட்டணம் குறைந்த பள்ளியில் இடம் கிடைத்தாலோ, குடும்பம் கடனின்றிச் செலவை ஏற்க முடிந்தாலோ தயங்காமல் சேரலாம். முழுக் கடனில் ஒரு தனியார்ப் பள்ளி என்றால், அந்த நிறுவனத்தின் முந்தைய மூன்று ஆண்டு மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்பதை விளம்பரத்தில் பார்க்காமல் அவர்களிடமே நேரில் கேட்டறிந்தபின் முடிவெடுங்கள். ஒளிப்பதிவு, ஒலி போன்ற கருவி சார்ந்த துறைகளுக்குப் பள்ளியின் பயன் அதிகம். தயாரிப்பு நிர்வாகத்துக்கு மிகக் குறைவு.

## வாடகை நிறுவனமும், வேறு வேலையோடு சொந்தப் படமும்

கேமரா, லைட் வாடகைக்கு விடும் நிறுவனங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அங்கே கருவிகளைத் தயார்செய்யும் பிரிவில் வேலை செய்பவர் எல்லாக் கேமராக்களையும் லென்ஸ்களையும் கையால் தொட்டுச் சோதிக்கிறார். படப்பிடிப்புக்கு முன் கருவிகளைச் சரிபார்க்க வரும் கேமரா உதவியாளர்கள் அனைவரையும் சந்திக்கிறார். மாதச் சம்பளமும் வாங்குகிறார். ஒருநாள் யாரோ ஓர் உதவியாளர் நோய்வாய்ப்பட்டு, மாற்றாள் தேவைப்படும்போது முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான். கேமரா துறையை விரும்பும், சேமிப்பு இல்லாத ஒருவருக்கு நான் முதலில் சொல்லும் வழி இது.

துறைக்கு வெளியே ஒரு வேலையில் இருந்துகொண்டே சொந்தப் படம் எடுப்பதற்கும் வலுவான முன்னுதாரணங்கள் உண்டு. சத்யஜித் ராய் 1943 முதல் விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றியபடியே, 1952-இல் தன் முதல் படத்தைத் தொடங்கினார். அதன் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்குமுன் திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை. கிறிஸ்டோபர் நோலன் தன் முதல் முழுநீளப் படத்தை, வார நாட்களில் வேறு வேலைகளில் இருந்த நண்பர்களோடு சனிக்கிழமைகளில் ஏறத்தாழ ஓராண்டு படம்பிடித்தார். இந்த வழி இயக்குநராகவோ எழுத்தாளராகவோ விரும்புபவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அவர்களுக்குக்கூட, நல்ல வேலையும் நல்ல படமும் ஒருவரின் உடலிலிருந்தே உழைப்பைக் கேட்கின்றன என்பதால், படத்தை முடித்தே தீருவேன் என்ற வைராக்கியம் உள்ளவருக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

## சம்பளமற்ற வேலையும் முன்பணம் கேட்பவர்களும்

எந்த வழியில் சென்றாலும் இந்த இரண்டும் எதிர்ப்படும். ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனத்தின் ஒரு படத்தில் சம்பளமின்றி வேலை செய்த பயிற்சியாளர்கள் 2011-இல் தொடுத்த வழக்கில், அவர்கள் ஊழியர்களாகவே கருதப்பட வேண்டும் என்று 2013-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, பயிற்சியால் அதிகப் பயனடைபவர் யார் என்பதே அளவுகோல் என்றது. சட்டம் எப்படி இருந்தாலும் அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளலாம். நண்பர்களின் குறும்படத்தில் ஒரு வாரம் சம்பளமின்றி உழைப்பது நியாயம், ஏனெனில் அங்கே யாருக்கும் சம்பளம் இல்லை. மற்ற எல்லோரும் சம்பளம் வாங்கும் செட்டில் உங்களுக்கு மட்டும் "அனுபவம்" தரப்படுகிறது என்றால், அது உங்கள் உழைப்பில் அவர்கள் செய்யும் சேமிப்பு.

வேலைக்காகப் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கிருந்து விலகிவிடுங்கள். சட்டபூர்வமான சங்க உறுப்பினர் கட்டணம் தனி. அதைச் சங்க அலுவலகத்தில் ரசீதோடுதான் செலுத்த வேண்டும், இடைத்தரகரிடம் அல்ல.

## ஒப்புக்கொள்ளும் முன்

எந்தத் துறை என்று தெரியாத, சில மாதச் சேமிப்புள்ளவர் செட்டுக்குப் போகட்டும். துறை தெரிந்தவர், சேமிப்பும் இருந்தால், நேரடி உதவியாளராகட்டும். சேமிப்பு இல்லாவிட்டால் வாடகை நிறுவனமோ எடிட்டிங் ஸ்டூடியோவோ சரி. குடும்பப் பொறுப்பை உடனே ஏற்க வேண்டியவருக்குத் தொலைக்காட்சியே முதல் தேர்வு. இரண்டு வழிகளுக்கிடையே இன்னும் ஊசலாடுபவர்கள், ஒரு குறும்படத்தில் மூன்று நாள் செட்டிலும், அதே படத்தின் எடிட்டிங்கில் ஒரு வாரமும் இருந்து பாருங்கள். எந்த இடத்தில் பசியையும் நேரத்தையும் மறந்தீர்கள் என்பது எந்தப் பட்டியலையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

வேலை கைக்கு வந்ததும் கேட்க வேண்டியவை: யாருக்கு நான் பதில் சொல்ல வேண்டும், எத்தனை நாட்கள், நாள் ஒன்றுக்கு எத்தனை மணி நேரம், அதற்கு மேல் போனால் கூலி உண்டா, சம்பளம் எந்தத் தேதியில், யார் கையிலிருந்து, இரவு முடிந்தபின் வீட்டுக்குப் போக வண்டி உண்டா, டைட்டிலில் பெயர் வருமா, இதே பொறுப்பில் முன்பு இருந்தவர் இப்போது என்ன செய்கிறார். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை மிகவும் கவனமாகக் கேளுங்கள். முடிந்தால் அந்த முன்னவரின் எண்ணையே வாங்கி, பேசியபின் உங்கள் பதிலைச் சொல்லுங்கள். பேசிமுடித்த விவரங்களை அன்றே ஒரு குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ புரொடக்‌ஷன் மேனேஜருக்கு அனுப்பி, "சரி" என்ற பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.